லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் தமிழுக்கும் மராத்திக்கும் தனித்தனி எழுத்துரு அளவு: மேக்ரோ உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. தாராவி பொங்கல் மலருக்கு ஒரே பத்தியில் தமிழ், மராத்தி, ஆங்கிலம் மூன்றும் வருகின்றன. ரைட்டரில் (லிப்ரே ஆபிஸின் ஆவணம் தயாரிக்கும் மென்பொருள்) தமிழும் மராத்தியின் எழுத்தான தேவநாகரியும் ஒரே 'காம்ப்ளக்ஸ்' (சிக்கலான எழுத்தமைப்பு) வகைக்குள் அடங்குவதால், பத்தி ஸ்டைலில் இரண்டுக்கும் ஒரே அளவுதான்.

எழுத்துருப் பெட்டியில் நோட்டோ செரிஃப் தமிழ், அரைப்புள்ளி, நோட்டோ செரிஃப் தேவநாகரி என்று சேர்த்துக் கொடுத்தால் எழுத்துரு தானாக மாறும், அளவு மாறாது. எங்களுக்குத் தமிழ் 11, மராத்தி 12.5 வேண்டும்.

இப்போதைய வழி: மராத்திக்கென ஒரு கேரக்டர் ஸ்டைல் (தேர்ந்தெடுத்த எழுத்துகளுக்கு மட்டும் பொருந்தும் வடிவமைப்பு). அளவை அதன் காம்ப்ளக்ஸ் பகுதியில்தான் மாற்ற வேண்டும், ஆங்கிலம் போன்றவற்றுக்கான வெஸ்டர்னில் மாற்றினால் தேவநாகரி அசையாது. பிறகு ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்து வகையைக் குறித்துத் தேடும் குறியீடு) தேவநாகரியை மட்டும் 'ஃபைண்ட் ஆல்' செய்து ஸ்டைலைப் போடுகிறோம். கையால் போட்ட போல்டு கலைவதில்லை, அது நிம்மதி. ஆனால் பிழைதிருத்தத்தில் புதிதாகச் சேரும் வரிகளுக்கு மறுபடியும் முதலிலிருந்து.

இதை ஒரே சொடுக்கில் முடிக்கும் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அடிக்குறிப்புகளையும் அட்டவணைகளையும் விடாமல் பிடிக்க வேண்டும்.