கண்டதை எழுதாமல் பாடநூல் வரியை எழுதும் எட்டாம் வகுப்பு மாணவர்கள்: உதவி தேவை

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். தமிழ்ப் பாடத்தில் தங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றி இரண்டு பக்கம் சொந்த நடையில் எழுதும் அதே 31 மாணவர்கள், அறிவியல் செயல்பாட்டுக் குறிப்பேட்டில் மட்டும் பாடநூல் வரிகளை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். ஜூலை முதல் வாரத்தில் ஈரப்பஞ்சில் பாசிப்பயறு முளைக்க வைத்தோம். ஒரு குழுவின் பயறு, தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாததால் அழுகிவிட்டது; ஆனால் அவர்கள் குறிப்பேட்டிலும் "விதைகள் நன்கு முளைத்தன" என்றே இருந்தது. முளைப்பதற்குக் காற்றும் வேண்டும் என்பதைக் காட்டியதே அந்த அழுகிய பயறுதான். அது பதிவாகாமல் போனதில்தான் எனக்கு மிகுந்த வருத்தம்.

பாடநூலை மூடிவைத்து எழுதச் சொன்னேன். பலர் வெற்றுத்தாளைக் கொடுத்தார்கள். முளையின் நீளத்தை நாள்தோறும் மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையில் குறிக்க வைத்தபோது எண்கள் உண்மையாக வந்தன, அவற்றின் கீழ் எழுதிய முடிவு மட்டும் மாறவில்லை. வாய்மொழியாகக் கேட்டால் தெளிவாகச் சொல்கிறார்கள். பருவத்தின்போது வகுப்பிலேயே நடத்தும் வளரறி மதிப்பீடு (அ)-வின் 20 மதிப்பெண் இத்தகைய செயல்பாடுகளுக்கானது என்பதால், மதிப்பெண் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள் எனக் கருதுகிறேன்.

மாணவர்கள் வாயால் சொல்வதை அவர்களே எழுத்தில் கொண்டுவர, உங்கள் வகுப்பில் பலன் தந்த பயிற்சி எது?