பேஸ் ஏற்றினால் ஆம்ப் நின்றுவிடுகிறது, பெரிய ஆம்ப் எது வாங்கலாம்? (அவசரம்)

ஐந்துரோடு_மணி: வணக்கம் அண்ணா. காரில் பேஸ் கொஞ்சம் ஏற்றினாலே ஆம்ப் (பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) சிவப்பு விளக்கு போட்டு நின்றுவிடுகிறது. பெட்டியில் 1500 வாட்ஸ் என்றுதான் போட்டிருந்தது. இதைவிடப் பெரியதாக ஒன்று சொல்லுங்கள். ஞாயிறு ஏற்காடு போகிறோம், அதற்குள் மாட்டணும்.

கொண்டலாம்பட்டி_பேஸ்: என்ன வண்டி? ஆம்ப் எத்தனை சேனல்? சப் (பேஸுக்கென்று தனிப் பெரிய ஸ்பீக்கர்) இருக்கா? ஸ்பீக்கர் எத்தனை ஓம் (மின்தடை)?

சேவாப்பேட்டை_ரவி: எர்த் (ஆம்பின் மைனஸ் வயர் வண்டி பாடியில் சேரும் இடம்) தாங்க. பெயிண்ட் மேலேயே போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். சுரண்டிவிட்டு மாட்டுங்கள், சரியாகிவிடும்.

பழைய_வயர்மேன்: பெட்டியைப் படித்து ஆம்ப் வாங்குகிறவர்களுக்கு எத்தனை தடவைதான் எழுதுவது? ஆம்பில் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார் தம்பி.

ஐந்துரோடு_மணி: பச்சை ஃபியூஸ் ஒன்று, 30 என்று இருக்கு. நாலு சேனல். முன் கதவில் இரண்டு ஸ்பீக்கர், மிச்ச இரண்டு சேனலைப் பிரிட்ஜ் பண்ணி (ஒன்றாகச் சேர்த்து) டிக்கியில் 12 இன்ச் சப். எல்லாமே 4 ஓம்.

பழைய_வயர்மேன்: 30 ஆம்பியர் × வண்டி ஓடும்போது 13.8 வோல்ட் = 414 வாட். ஏபி கிளாஸ் வகை ஆம்ப் என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடு. 1500 எங்கிருந்து வரும், மேட்டூர் அணையிலிருந்தா?

சேவாப்பேட்டை_ரவி: அப்படியென்றால் டி கிளாஸ் வாங்குங்கள். சூடும் கம்மி, சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிடும்.

அம்மாபேட்டை_அன்பு: டி கிளாஸில் குரல் வறண்டு கிடக்கும்.

சேவாப்பேட்டை_ரவி: கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

கன்னங்குறிச்சி_டிரைவர்: 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டில் இந்தச் சத்தம் எதுக்குங்க? மேலேயிருந்து வருகிற பஸ் ஹாரன் காதில் விழணும்.

அம்மாபேட்டை_அன்பு: அதுக்குத்தான் குப்பனூர் வழியாகப் போகணும், கூட்டமே இருக்காது.

கன்னங்குறிச்சி_டிரைவர்: அங்கே மட்டும் வளைவு இல்லையா? ஏறுகிற வண்டிக்கு எவன் வழி விடுகிறான் இப்போ?

பழைய_வயர்மேன்: இது ஆம்ப் இழை.

கொண்டலாம்பட்டி_பேஸ்: மணி, சப்பில் பிளஸ் மைனஸ் ஒரு ஜோடியா, இரண்டு ஜோடியா?

ஐந்துரோடு_மணி: இரண்டு ஜோடி. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்திருக்கு.

கொண்டலாம்பட்டி_பேஸ்: பிடித்துவிட்டோம். அது இரட்டைக் காயில் (உள்ளே இரண்டு கம்பிச் சுருள்) சப். ஒவ்வொரு காயிலும் 4 ஓம், இப்படிச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். பிரிட்ஜ் பண்ணின நாலு சேனல் ஆம்ப் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நிற்கிறது. சப் வயரை ஆம்பிலிருந்து கழற்றி மீட்டர் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு காயிலின் மைனஸை அடுத்ததன் பிளஸ்ஸில் கோர்த்து, மிச்சம் இரண்டு முனையை ஆம்புக்குக் கொடுங்கள். 8 ஓம் ஆகும். சத்தம் குறையும், ஆனால் நிற்காது. பின்னால் வாங்குவதென்றால் 2 ஓம் தாங்கும் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப், சப்பின் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்) அளவுக்கு. 500 வாட் என்றால் 4 கேஜ் தடிமனில் செம்பு வயர், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ். அலுமினியத்தில் செம்பு பூசினதைத் தலையில் கட்டுவார்கள், சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

சேவாப்பேட்டை_ரவி: எர்த்தையும் ஒரு தடவை பாருங்கள்.

ஐந்துரோடு_மணி: மீட்டரில் 1.8 காட்டியது. மாற்றினதும் 7.2. போய் வந்தோம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. நன்றி அண்ணா.

அம்மாபேட்டை_அன்பு: சரி, எந்த ரோட்டில் போனீர்கள்?