பேட்டன்ட் மெடிசின்: 'முத்திரை மருந்து' எனலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

விக்டோரியா காலத்து 'பேட்டன்ட் மெடிசின்', அதாவது செய்முறையை மறைத்து விளம்பரத்தின் பலத்தில் கடைகளில் விற்ற மருந்து, என்பதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் என்று கேட்ட மடலுக்குக் காப்புரிமை மருந்து, போலி மருந்து, சர்வரோக நிவாரணி, மூலிகை மருந்து என்று இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக 'முத்திரை மருந்து' என்பதை முன்வைக்கிறேன். காரணங்களைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பேட்டன்ட் என்றால் காப்புரிமை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. அன்றைக்கு விற்ற இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமையே கிடையாது. காப்புரிமை வேண்டுமென்றால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும், இவர்கள் பிழைப்போ அதை மறைத்து வைப்பதில்தான் ஓடியது. 1712-இல் ஸ்டவ்டன் எலிக்சிர் போன்ற சிலவற்றுக்கு அரச உரிமைப் பட்டயம் ('லெட்டர்ஸ் பேட்டன்ட்') கிடைத்தது உண்மை, அந்தச் சிலவற்றின் பெயர் பிற்பாடு மொத்தக் கூட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இப்போது நாம் 'காப்புரிமை மருந்து' என்று எழுதினால், படிக்கிற மாணவர் இன்றைய மருந்து நிறுவனங்கள் இருபது ஆண்டுக்கு வாங்கி வைத்திருக்கும் காப்புரிமையைத்தான் நினைப்பார். அது நேர் எதிரான பொருள்.

சரி, அப்படியானால் இந்த மருந்துகளை ஒன்றாகக் கட்டியது எது? சட்டத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. பிரிட்டனில் 1783-இல் மருந்து முத்திரை வரி வந்தது, 1812 சட்டம் எவற்றுக்கு வரி என்று விரித்துச் சொன்னது. செய்முறையில் இரகசியம் இருப்பதாகச் சொல்லிக்கொள்வது, தனக்கு மட்டுமே உரிமை என்பது, அரசப் பட்டயம் பெற்றது, இன்ன நோயைத் தீர்க்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே வரி உண்டு. ஆக, பட்டயம் என்பது அந்த வரிசையில் ஒரு சின்னக் கிளை. எல்லோரும் கட்டியாக வேண்டிய ஒன்று முத்திரைத் தீர்வை.

அந்த முத்திரையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மாத்திரைப் பெட்டியின் மூடி மேலே, திறந்தால் கிழியும்படி ஒட்டிய ஒரு காகிதப் பட்டை. பெரிய வியாபாரிகள் தங்கள் பெயரையே அந்த அரசு முத்திரையில் பொறித்து வாங்கிக்கொள்ள முடிந்தது. 'சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்' என்று விளம்பரத்தில் போடுவார்கள். ஒரு ஷில்லிங் (12 பென்னி) வரையிலான மருந்துக்குத் தீர்வை ஒன்றரைப் பென்னி, அதனால்தான் அந்தக் கால விளம்பரங்களில் திரும்பத் திரும்ப 'ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி' என்ற விசித்திரமான விலை வருகிறது. வரியையும் சேர்த்த விலை அது. கொடுமை என்னவென்றால், அரசு முத்திரை இருக்கிறதே, அரசே சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட மருந்து போலும் என்று ஜனங்கள் நம்பினார்கள். 'இந்த முத்திரை அரசு உத்தரவாதம் அல்ல' என்று முத்திரையிலேயே அச்சடிக்க வேண்டி வந்தது.

தமிழில் 'முத்திரை' என்ற சொல்லுக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன. முத்திரைத்தாள், முத்திரைத் தீர்வை என்று பத்திரப்பதிவு அலுவலகம் போன எல்லோருக்கும் தெரிந்த வரிப் பொருளும் இருக்கிறது, அரசு முத்திரை என்றால் தானாக வரும் அந்த நம்பிக்கையும் இருக்கிறது. இதற்கு மேல் பொருந்துகிற சொல் எனக்குத் தோன்றவில்லை.

> நேரடியாகப் போலி மருந்து என்றே சொல்லிவிடலாமே, ஏமாற்று வேலைதானே?

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் இந்தச் சொல் வேண்டாம். போலி மருந்து என்றால் இன்று இன்னொரு நிறுவனத்தின் பெயரில் செய்த கள்ளச் சரக்கு என்றுதான் பொருள். லங்காஷயரில் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் தாமஸ் பீச்சம் விற்ற மாத்திரை அப்படிப்பட்டதல்ல. அதில் மூசாம்பரம் (கற்றாழைப் பாலைக் காய வைத்தது), சுக்கு, சோப்பு இவ்வளவுதான் இருந்தன, பேதியாக வைப்பதற்கு அது நன்றாகவே வேலை செய்யும். சிக்கல் அது செய்யாத வேலைகளில் இருந்தது. தலைசுற்றல், வயிற்று வாயு, தூக்கமின்மை, பயங்கரக் கனவு, நரம்பு நடுக்கம் எல்லாம் தீரும், முதல் வேளை மருந்திலேயே இருபது நிமிடத்தில் குணம் தெரியும் என்று விளம்பரம். 'பெட்டி ஒரு கினி (21 ஷில்லிங்) பெறும்' என்பது அவர்களுடைய கோஷம். 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பரிசோதித்துக் கணக்குப் போட்டபோது, 56 மாத்திரைக்கான சரக்கின் விலை அரை ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்ற விலையில் நூறில் ஒரு பங்குகூட வரவில்லை!

'சர்வரோக நிவாரணி' அழகான சொல், ஆனால் அது இந்த மருந்துகள் செய்த உரிமைகோரலின் பெயர். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்னும் பொருளில் வரும் 'பெனேசியா' என்பதற்கு அதை விட்டுவைப்போம். அப்புறம், எல்லா முத்திரை மருந்தும் சர்வரோகம் என்று சொல்லவில்லை, இருமலுக்கு மட்டும், குழந்தை அழுகைக்கு மட்டும் என்றும் விற்றன. காட்ஃபிரே கார்டியல் அப்படிப்பட்டது. வெல்லப்பாகில் அபின் கரைத்தது, ஆலைக்குப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளைத் தூங்கவைக்கக் கொடுத்தார்கள். எத்தனையோ குழந்தைகள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. 1868 மருந்தகச் சட்டம் அபினைக் கட்டுக்குள் கொண்டுவந்தபோதுகூடப் பேட்டன்ட் மருந்துகளுக்கு விலக்குக் கொடுத்தது. ஒரு வகைப்பெயர் எத்தனை உயிரோடு விளையாடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம், நாம் இவ்வளவு நேரம் செலவழிப்பதும் அதனால்தான்.

'மூலிகை மருந்து' பற்றி. இது எனக்கு மிகவும் தயக்கம் தருகிற பரிந்துரை, ஏனென்றால் அந்த வியாபாரிகளே தங்கள் சரக்கை விற்கப் பயன்படுத்திய சொல் அது. ஜேம்ஸ் மோரிசன் தன் குளிகைக்கு 'வெஜிடபிள்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. அன்றைய டாக்டர்கள் இரத்தம் எடுத்தார்கள், பாதரச உப்பான கலோமலைக் கொடுத்தார்கள், பல் ஆடி எச்சில் ஒழுகும் வரை கொடுத்தார்கள். அதைக் கண்டு பயந்தவர்களிடம் 'இது வெறும் தாவரம், எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது' என்றால் வாங்கத்தானே செய்வார்கள்? வாங்கியவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தாவரம் ஆற்றுத்தும்மட்டி, மூசாம்பரம், காம்போஜ் என்னும் மஞ்சள் மரப்பால், எல்லாம் கடும் பேதிச் சரக்கு. விக்டோரியா பட்டத்துக்கு வருவதற்கு முந்திய ஆண்டு, 1836-இல், மோரிசன் மாத்திரையை அளவுக்கு மேல் சாப்பிட்ட ஒருவர் இறந்து, விற்ற முகவருக்கு நீதிமன்றம் 200 பவுண்டு அபராதம் விதித்தது. அதன் பிறகும் விற்பனை நிற்கவில்லை.

> முத்திரை என்றால் இங்கிலாந்துக்கு மட்டும்தானே பொருந்தும்? அமெரிக்க மருந்துகளை எங்கே வைப்பது?

நல்ல கேள்வி. அமெரிக்காவிலும் 1862 முதல் 1883 வரையும், மறுபடி 1898 முதல் சில ஆண்டுகளும் இவ்வகை மருந்துகளுக்கு வருவாய் முத்திரை ஒட்டினார்கள். மாசசூசெட்ஸில் 1875-இல் கடைக்கு வந்த லிடியா பிங்கம் வெஜிடபிள் காம்பவுண்டுக்கும் சொல் சரியாகவே இருக்கும். பெண்களின் மாதவிடாய் வலிக்கு என்று விற்ற அந்தப் புட்டியில் நம் வெந்தயமும் வேறு சில வேர்களும் இருந்தன, கூடவே பதினெட்டு சதவிகிதம் ஆல்கஹாலும் இருந்தது. 1906-இல் அமெரிக்க உணவு, மருந்துச் சட்டம் வந்து லேபிளில் போடச் சொன்ன பிறகுதான் பலருக்கு அது தெரிந்தது.

ஒரே ஓர் எச்சரிக்கை. நம் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்திலும் 'பேட்டன்ட் ஆர் புரொப்ரைட்டரி மெடிசின்' என்ற தொடர் உண்டு. சித்த மருந்துகளில் அது, சட்டம் ஏற்ற நூல்களில் உள்ள சரக்குகளைக் கொண்டு, அந்த நூல்களில் இல்லாத சேர்மானத்தில் செய்ததைக் குறிக்கும். அதற்குத் 'தனியுரிமை மருந்து' என்று வேறு சொல்லே இருக்கட்டும். இரண்டையும் கலந்தால் இன்றைய சித்த மருந்து நிறுவனங்களுக்கு அநியாயம் செய்கிறோம்.

எனவே: பேட்டன்ட் மெடிசின், வரலாற்றுப் பொருளில், முத்திரை மருந்து. பெனேசியா, சர்வரோக நிவாரணி. செய்முறையை இரகசியமாக வைத்த மருந்தைக் குறிக்கும் நாஸ்ட்ரம் என்பதற்கு 'மறைபாக மருந்து' என்று யோசித்திருக்கிறேன், ஆனால் 'பாகம்' என்ற சொல்லைச் சித்த மருத்துவர்கள் இந்த இடத்தில் ஒப்புக்கொள்வார்களா என்பதைக் குழுவில் உள்ள வைத்தியர்கள்தான் சொல்ல வேண்டும்.