கருப்பைப் புற்றுநோய்: பி53 டெஸ்ட்டுக்கு லேபிலிருந்து திசு பிளாக் வாங்கியவர்கள் உண்டா?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். அத்தைக்குக் கருப்பையை எடுத்தாயிற்று. பயாப்ஸி ரிப்போர்ட்: எண்டோமெட்ரியாய்டு (கருப்பையின் உள்படலத்தில் தொடங்கும் பொதுவான வகை), கிரேடு 2, தசைச்சுவரில் பாதிக்கு மேல் ஊடுருவல், நெறிகட்டிகளில் பரவல் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு லேசாக ரத்தம் பட்டதை அவர் வெளியே சொல்லவே இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் தயவுசெய்து உடனே காட்டுங்கள்.

படித்ததில் புரிந்தது இது. இந்த வகையில் பிடென் மரபணு பழுதாவது சகஜம். அது போனால் செல்களைப் பெருகச் சொல்லும் பிஐ3கே-ஏகேடி சமிக்ஞைப் பாதைக்குக் கடிவாளம் இல்லை, செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும். செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதமும் குறைந்தால், அவை பிரிந்து தசைக்குள் இறங்குகின்றன. ஆனால் ஆழத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஃபிகோ (சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு) வெளியிட்ட 2023 வகைப்பாட்டின்படி, ஊடுருவலோடு பி53 (புற்றுநோயைத் தடுக்கும் புரதம்) கோளாறும் இருந்தால் அத்தையின் ஸ்டேஜ் ஏறும்; பி.ஓ.எல்.இ (டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிக்கான மரபணு) மாற்றம் இருந்தால் இறங்கும். எங்கள் ரிப்போர்ட்டில் இரண்டுமே பார்க்கப்படவில்லை.

லேபில் இருக்கும் பாரஃபின் பிளாக்கை (எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி) கேட்டு வாங்கி, பாண்டியில் பி53, எம்எம்ஆர் (டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் புரதங்கள்) ஸ்டெய்னிங் செய்தவர்கள் இருக்கிறீர்களா? வெளியே ஆபரேஷன் ஆனவர்களின் பிளாக்கை ஜிப்மரில் ஏற்பார்களா? என்னென்ன கடிதம் வேண்டும்? பி.ஓ.எல்.இ-க்கு சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமா? ரேடியேஷன் தொடங்குவதற்குள் ரிசல்ட் கையில் வேண்டும். தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.