புதுப்பிப்பு: ஓஎஸ்டி விவரங்கள் திரையில் வந்துவிட்டன

என் ட்ரோனின் கேமரா படம் திரையில் வருகிறது, ஓஎஸ்டி (பறக்கும் விவரங்களைப் படத்தின் மீது எழுதிக் காட்டும் வசதி) காட்ட வேண்டிய பேட்டரி வோல்டேஜும் பறந்த நேரமும் மட்டும் தெரியவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்ந்தது.

என் கேமரா என்டிஎஸ்சி வகை (என்டிஎஸ்சி, பிஏஎல் இரண்டும் வீடியோ வடிவங்கள்). ட்ரோன் மென்பொருளான பீட்டாஃபிளைட்டின் ஓஎஸ்டி முன்னோட்டமோ பிஏஎல் அளவில் இருந்தது. படத்தின் மீது எழுத்தைச் சேர்க்கும் மேக்ஸ் 7456 சிப் பிஏஎல்லில் 16 வரிசை காட்டும், என்டிஎஸ்சியில் 13தான். அதற்குக் கீழே வைத்த எதுவும் திரைக்கு வராது. வடிவத்தை என்டிஎஸ்சிக்கு மாற்றி, இரண்டையும் மேலே நகர்த்தியதும் பளிச்சென்று தெரிந்தன.

அப்புறம், ஓஎஸ்டி எழுத்துருவை ஏற்ற என் ட்ரோனின் கட்டுப்பாட்டு போர்டில் யுஎஸ்பி மட்டும் போதவில்லை, பேட்டரியும் வேண்டியிருந்தது. நீங்களும் பேட்டரி இணைக்கும் முன் புரொப்பெல்லர்களைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். வோல்டேஜ் எச்சரிக்கையை ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட்டில் வைத்திருக்கிறேன்.

உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.