பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில், பழைய கேம்பெயின்களில் (பல அமர்வுகள் தொடரும் கதைகளில்) எது மனதில் நிற்கிறது?

அடையாறு டிஎம்: டிஎம்மாக, அதாவது கதையை நடத்துபவராக, 2014-இல் வந்த டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பில்தான் எல்லாம் நடத்தினேன். இப்போது யோசித்தால், பக்கம் பக்கமாக எழுதிய அரச வரலாறு யாருக்கும் நினைவில்லை, ஆட்டத்தின் நடுவே சட்டென்று உருவான படகோட்டியைப் பற்றித்தான் இன்னும் பேசுகிறார்கள். அடுத்த களம் ராஜராஜன் கால நாகப்பட்டினம். எவ்வளவு தயாரிக்கலாம்?

பெரம்பூர்வாசி: அண்ணா, அடுத்த அமர்வுக்கு மட்டும் போதும். யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார், அவ்வளவுதான். நாகப்பட்டினத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தார் இல்லையா, அந்த ஊர் வருவாயை வைத்தே பெரிய சண்டை மூட்டலாம்!

தரமணி: அப்புறம், முக்கியத் துப்பை மட்டும் பகடையிடம் விடாதீர்கள். எண் விழாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும்.

அடையாறு டிஎம்: சரி, ஆனைமங்கலத்திலேயே தொடங்குகிறேன்.