கலைச்சொல் வேண்டும்: துளி விழுந்ததும் மேலே எழும் நீர்

மொழிபெயர்ப்பவர்:

நண்பர்களே, நீர்த்துளி விழுவதை வீட்டிலேயே படமெடுப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. தட்டிலுள்ள நீரில் துளி விழுகிறது. சுற்றிலும் விளிம்பு எழும்புகிறது. அதற்கு ‘முடி’ என்று போட்டுவிட்டேன். அப்புறம் நடுவில் ஒரு குழி. அந்தக் குழி மூடும்போது நடுவிலிருந்தே நீர் மெலிதாக மேலே எழுகிறது, உச்சியில் ஓர் உருண்டையோடு. ஆங்கிலத்தில் இதை வொர்திங்டன் ஜெட் என்கிறார்கள். நீர்த் தெறிப்பைப் பற்றி 1908-இல் நூல் வெளியிட்ட ஆர்தர் வொர்திங்டன்தான் அவர். தமிழில் என்ன சொல்லலாம்?

தமிழாசிரியர்:

எழுதாரை. எழு + தாரை, வினைத்தொகை. எழுந்த தாரை, எழுகின்ற தாரை, எழும் தாரை, மூன்று காலமும் அடங்கிவிடும். ‘முடி’யை மட்டும் மாற்றுங்கள், படிப்பவர் தட்டில் தலைமயிரைத் தேடுவார்.

தனித்தமிழ் அன்பர்:

ஐயா, சேர்த்து எழுதினால் ‘எழுதாதவர்களை’ என்றல்லவா பொருள் வருகிறது? கெடு தாண்டும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். தவிர, தாரை வடசொல். தமிழைத் தாரை வார்க்க வேண்டாம். ‘எக்கல்’ இருக்கிறதே! குதிகால் தூக்கி எக்கிப் பார்க்கிறோம். நீரைப் பீச்சும் கருவி எக்கி. அலை கொண்டுவந்து மேடாக்கிய மணல் எக்கர். எல்லாவற்றிலும் மேல்நோக்கிய உந்தல். எக்களிப்புக்கும் இதுவே வேர் என்பது என் ஊகம். மனம் மேலே எழுவதுதானே களிப்பு?

படமெடுப்பவர்:

எக்களிப்பு வரை போய்விட்டோம், துளி இன்னும் தட்டுக்கு வரவில்லை. இதைப் படிக்கப்போகிறவர் இருட்டறையில் ஒரு கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு நிற்பார். துளி விழும் இடத்தில் பென்சிலை நிறுத்தி, அதன் முனைக்கு ஃபோகஸ் வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்திருப்பார். அவரிடம் போய் “எக்கல் உச்சிக்கு வந்ததும் அடுத்த துளி அதன் தலையில் மோத வேண்டும்” என்றால், அது விக்கலா ஏப்பமா என்று கேட்பார். ‘நீர்த்தூண்’ என்றால் யாருக்கும் புரியும்.

இன்னொன்று. கையேட்டின் மாதிரிப் பக்கத்தில் “ஷட்டர் துளியை உறையவைக்கிறது” என்று இருக்கிறது. அது தவறு. 50 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி நீரைத் தொடும்போது நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் வேகத்தில் இருக்கும். ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தால் அதற்குள் 15 மி.மீ. நகர்ந்துவிடும், படத்தில் வெறும் கோடுதான் மிஞ்சும். துளியை நிறுத்துவது ஃபிளாஷ். திறனைக் குறைக்கக் குறைக்க அதன் மின்னல் நேரமும் சுருங்கும். 1/20,000 நொடிக்கு வந்துவிட்டால் துளி நகர்வது 0.15 மி.மீ. அளவுதான். சொல்லை விடுங்கள், முதலில் இதைத் திருத்துங்கள்.

தமிழாசிரியர்:

‘உறையவைக்கிறது’ என்பதும் கூடாது. நீர் உறைந்தால் பனிக்கட்டி.

தனித்தமிழ் அன்பர்:

உறை என்றாலே மழைத்துளி என்றும் ஒரு பொருள் உண்டு. ஆக, ‘துளியை உறையவைக்கிறது’ என்பதில்...

மொழிபெயர்ப்பவர்:

மன்னிக்கவும், அதற்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம். ஷட்டர் பிழையைத் திருத்திவிட்டேன், நன்றி. உறையவில்லை, ‘நிறுத்திப் பிடிக்கிறது’. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் நீர்த்தூணுக்குத்தான் ஆதரவு அதிகம். அப்படியே அனுப்பிவிட்டேன். ‘முடி’ மகுடமாகிவிட்டது, வடசொல் என்று திட்டுபவர்கள் திட்டலாம்.

தனித்தமிழ் அன்பர்:

திட்டுகிறேன். தூண் என்றால் எதையாவது தாங்க வேண்டும், அசையாமல் நிற்க வேண்டும். கண்ணிமைப்பதற்குள் சரிந்துவிடுவது தூணா?

படமெடுப்பவர்:

தாங்குகிறதே! அடுத்த துளி அதன் உச்சியில் மோதினால் நீர் தட்டையாக விரிந்து குடைபோல் நிற்கும். நீரோடு கொஞ்சம் கிளிசரின் கலந்தால் குடையின் விளிம்பு இன்னும் ஒழுங்காக வரும். அந்தக் குடைக்குக் கீழே இருப்பது தூண்தான்.

தமிழாசிரியர்:

குடைக்குக் கீழே இருப்பது காம்பு ஐயா. ‘நீர்க்காம்பு’ என்று வைத்திருக்கலாம். அனுப்பியதைத் திரும்பப் பெற முடியுமா?